வெயிட் தூக்கினால் ஜாக்கெட் கை பத்தாமல் போகுமா?

வாசகர் கேள்விகளுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் பதில்கள்

சென்ற இதழில் மூட்டு வலி பற்றி எழுதும்போது, போகிற போக்கில் “பிலாட்டீஸ் நல்லதுதான், ஆனால் வெயிட் தூக்குவதற்கு அது மாற்று ஆகாது” என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். மூட்டு வலியைப் பற்றி ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. வந்த கடிதம், மெயில் எல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான். தெரியாதவர்களுக்கு: பிலாட்டீஸ் என்பது தரைவிரிப்பிலோ ஸ்பிரிங் கருவியிலோ, அசைவைக் கட்டுப்படுத்திச் செய்கிற உடற்பயிற்சி. கோவையில் என் கிளினிக்கில் ரிஃபார்மர் என்கிற அந்த ஸ்பிரிங் கருவியும் கிடக்கிறது, வெயிட் மாட்டித் தூக்குகிற கம்பியான பார்பெல்லும் கிடக்கிறது. இரண்டோடும் எனக்குச் சண்டை இல்லை. இரண்டையும் சுற்றி உலவுகிற கதைகளோடு நிறையவே உண்டு. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

*கேள்வி: எனக்கு 34 வயது. வெயிட் தூக்கினால் ஆண்களைப் போல கை முண்டு முண்டாக வந்துவிடும், பிலாட்டீஸ் செய்தால் தசை நீளமாகி மெலிந்த உடம்பு வரும் என்று ரீல்ஸில் எல்லாரும் சொல்கிறார்கள். என் டெய்லர்கூட, “ஜிம்முக்குப் போனால் ஜாக்கெட் கையைப் பிரிக்கணும்” என்கிறார். எதில் சேரட்டும்? – வாசகி, திருப்பூர்*

முதலில் நீளத்தை முடித்துவிடுவோம். உங்கள் மேற்கையில் இருக்கும் பைசெப்ஸ் தோள்பட்டை எலும்பில் தொடங்கி, முழங்கையைத் தாண்டி முன்கை எலும்பில் போய் ஒட்டுகிறது. அந்த இரண்டு முனையையும் எந்த உடற்பயிற்சியாலும் இடம் மாற்ற முடியாது. தசை பெருக்கலாம், சிறுக்கலாம், நன்றாக நீண்டு கொடுக்கப் பழகலாம். கண்ணாடியில் பார்த்தால் தெரிகிற அளவுக்கு நீளமாவது மட்டும் நடக்காது. அந்த நீண்டு கொடுக்கும் பழக்கமும் பிலாட்டீஸுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல. உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட்டை அரைகுறையாக இல்லாமல் முழுசாக இறங்கி ஏறிச் செய்கிறவர்களுக்கு, ஸ்ட்ரெச்சிங் செய்கிறவர்களுக்கு இணையாகவே மூட்டுகள் இளகுகின்றன.

அப்படியென்றால் பிலாட்டீஸ் விளம்பரத்தில் வருகிற அந்த மெலிந்த நடனக்காரி உடம்பு எங்கிருந்து வந்தது? இந்தப் பயிற்சியைக் கண்டுபிடித்த ஜோசப் பிலாட்டீஸ் 1926-இல் நியூயார்க் போய் எட்டாவது அவென்யூவில் ஸ்டுடியோ போட்டார். அவரைத் தேடி வந்தவர்களில் பலர் நடனக் கலைஞர்கள். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற நடன மேதைகளின் வட்டத்து ஆட்கள். காயத்தைச் சரிசெய்துகொள்ள வந்தார்கள். வரும்போதே அந்த உடம்போடுதான் வந்தார்கள். வாசலில் நுழைந்தவர்களின் உடம்பை உள்ளே விற்கிற சரக்கின் பலனாகக் காட்டிவிட்டார்கள். விளம்பரத்துக்கு இதைவிடச் சுலபமான வழி உண்டா?

அடுத்தது முண்டா. தசையை வளர்க்கிற ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்குப் பெண்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அது இருந்தும், வருஷக்கணக்கில் முட்டையும் கோழியுமாகச் சாப்பிட்டு, தினமும் ஜிம்மில் கிடந்து, “சார், கை ஏறவே மாட்டேங்குதுங்க” என்று புலம்புகிற பையன்களை எனக்குத் தெரியும். வாரம் இரண்டு நாள் டம்பெல் எடுக்கிற உங்களுக்கு அது தெரியாத்தனமாக வந்துவிடுமா? பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவை நினைத்துப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 49 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கினார். கிளீன் அண்ட் ஜெர்க்கில் தலைக்கு மேல் தூக்கியது 115 கிலோ. தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தூக்குகிற அந்தப் பெண் உங்கள் தெருவில் நடந்து போனால், நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். அவ்வளவு சின்ன உருவம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆரம்பித்த முதல் சில வாரங்களில் தசை கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். உடை லேசாக இறுக்கும், எடை மெஷினும் அரைக்கிலோ, ஒரு கிலோ கூட்டிக் காட்டும். பாதிப் பேர் பயந்து நின்றுவிடுவது அங்கேதான். அதைக் கடந்துவிடுங்கள். ஜாக்கெட் கை இறுக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு. தசைமேல் பழியைப் போடாதீர்கள் என்று டெய்லரிடம் சொல்லுங்கள்.

ஜிம்மில் சேருங்கள். பிலாட்டீஸ் பிடித்திருந்தால் கூடவே அதையும் செய்யுங்கள்.

*கேள்வி: ஐடி வேலை, வயது 41. ஜிம்மில் 120 கிலோ டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கிற பாரை இடுப்பு வரை தூக்குவது) எடுப்பேன். மனைவி ரிஃபார்மர் வகுப்புக்குப் போகிறாள். “பொம்பளைங்க சமாச்சாரம்” என்று கிண்டல் செய்ததில் பந்தயம் கட்டி ஒருநாள் கூட்டிப்போனாள். பத்தே நிமிடத்தில் கால் நடுங்கிவிட்டது. அப்படியென்றால் வெயிட்டைவிட அதுதான் கடினமா? – வாசகர், சென்னை*

தம்பி, முதலில் அந்தப் “பொம்பளைங்க சமாச்சாரம்”. அதைக் கண்டுபிடித்த ஜோசப் பிலாட்டீஸ் ஒரு குத்துச்சண்டைக்காரர். 1883-இல் ஜெர்மனியில் மோன்ஷன்கிளாட்பாக் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் நோஞ்சான் பிள்ளை. ஆஸ்துமா, ரிக்கெட்ஸ் எல்லாம் இருந்ததாகச் சொல்வார்கள். ஜிம்னாஸ்டிக்ஸும் பாக்ஸிங்கும் செய்துதான் உடம்பைத் தேற்றினார். முதல் உலகப்போர் வந்தபோது இங்கிலாந்தில் இருந்தார். எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைத்தார்கள். அங்கே படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களின் கட்டிலில் ஸ்பிரிங்கை மாட்டி, படுத்தபடியே கை காலை அசைக்க வைத்தார், அதிலிருந்துதான் இன்றைய கருவிகள் பிறந்தன என்று ஒரு கதை உண்டு. உன் மனைவி படுத்துக்கொண்டு தள்ளுகிறாளே, அந்த வண்டிக்கு மூதாதை அந்தக் கட்டில்தான் என்கிறார்கள். அவர் வைத்த பெயரும் வேறு: கன்ட்ராலஜி. வயதான காலத்திலும் ஜட்டியோடு நெஞ்சை நிமிர்த்தி நின்று போட்டோவுக்குப் போஸ் கொடுத்த மனிதர் அவர்.

இப்போது நடுக்கம். ரிஃபார்மரில் நீ படுக்கிற பலகை தண்டவாளத்தில் ஓடும். அதைச் சில ஸ்பிரிங்குகள் இழுத்துப் பிடித்திருக்கும். கவண் ரப்பரைப் போல இழுக்க இழுக்க இறுக்கம் ஏறும். காலால் தள்ளும்போது ஸ்பிரிங் அதிகமாக இருந்தால் கனம். ஆனால் அதே பலகைமேல் பிளாங்க் நிலையில், அதாவது கையையும் காலையும் ஊன்றி உடம்பை நேராக நீட்டிப் பிடித்து, நின்றால் கணக்கு தலைகீழ். ஸ்பிரிங்கைக் குறைத்தால் பலகை தன்பாட்டுக்கு ஓடப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த வயிறும் தோளும்தான் பாடுபட வேண்டும். இங்கே என்னிடம் வருகிற ஜிம் பையன்கள் எல்லாரும் “எல்லா ஸ்பிரிங்கையும் போடுங்க மேடம்” என்பார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றிவிடுவேன். முகத்தைப் பார்க்க வேண்டும்!

நீ நடுங்கியதற்குக் காரணம், பழகாத கோணத்தில், பழகாத நேரம் வரை தசையைப் பிடித்து வைத்தது. டெட்லிஃப்டில் ஐந்து முறை தூக்கிக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். அங்கே இரண்டு நிமிடத்துக்கு விடவே மாட்டார்கள். கடினம்தான், சந்தேகமில்லை. ஆனால் கடினமாக இருந்ததாலேயே பலம் ஏறிவிடும் என்று எடுத்துக்கொள்ளாதே. வெயிலில் ஒரு மணி நேரம் சும்மா நிற்பதும் கடினம்தான். பலம் ஏற வேண்டுமென்றால் தசை சந்திக்கிற சுமை மாதாமாதம் கொஞ்சமாவது கூடிக்கொண்டு போக வேண்டும். பார்பெல்லில் அது சுலபம். இந்த வாரம் 120, இரண்டு வாரம் கழித்து 122.5. பிலாட்டீஸில் கொஞ்ச தூரம் வரை ஏற்றலாம், அப்புறம் ஸ்பிரிங் தீர்ந்துபோகும். அதற்குமேல் அசைவுதான் நுணுக்கமாகும், சுமை ஏறாது. புதிதாக வருகிறவர்களுக்குச் சில மாதம் பலம் கூடுவது நிஜம். அதே வகுப்பில் மூன்று வருஷமாக அதே ஸ்பிரிங்கில் இருந்தால், பலம் இருக்கிற இடத்திலேயே இருக்கும்.

பந்தயத்தில் தோற்றதை ஒப்புக்கொண்டு வாரம் ஒருநாள் அவளோடு போ. அவளை ஒருநாள் உன்னோடு கூட்டிப் போ. அங்கே 20 கிலோ வெறும் பாரை அவள் எடுக்கும்போது கிண்டல் செய்யாதே.

*கேள்வி: வயது 59. மாதவிடாய் நின்று பத்து வருஷம் ஆகிறது. எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு டி-ஸ்கோர் மைனஸ் 2.7 என்று வந்திருக்கிறது. டாக்டர் மாத்திரை கொடுத்து, உடற்பயிற்சியும் செய்யச் சொன்னார். “வெயிட் எல்லாம் தொடாதே, எலும்பு நொறுங்கிடும். பிலாட்டீஸ்தான் சேஃப்” என்று என் மகள் வகுப்பில் சேர்த்துவிட்டிருக்கிறாள். வகுப்பு பிடித்திருக்கிறது. போதுமா? – வாசகி, மதுரை*

அம்மா, உங்கள் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் எழுதினேன், பக்கத்தில் இடம் மாறி வந்திருக்கிறது. மகளின் அக்கறை நியாயம். ஆனால் அவர் சொன்னதில் “சேஃப்” என்ற பாதியைத்தான் நான் முதலில் கேள்வி கேட்பேன்.

டி-ஸ்கோர் என்பது எலும்பு அடர்த்தியைச் சொல்கிற எண். அது மைனஸ் 2.5-ஓ அதற்குக் கீழோ போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலியும் நோய். அந்த நிலையில் முதுகெலும்புக்கு ஆகவே ஆகாத அசைவு, முன்பக்கமாகச் சுருண்டு வளைவது. ஒவ்வொரு முள்ளெலும்பின் முன்விளிம்பும் நசுங்குகிற கோணம் அது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் 1984-இல் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எலும்பு மெலிந்த பெண்களில், முன்பக்கம் வளைகிற பயிற்சி செய்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்குப் புதிதாக முள்ளெலும்பு நசுங்கியது. முதுகைப் பின்பக்கம் நிமிர்த்துகிற பயிற்சி செய்தவர்களிடம் அது ஆறில் ஒருவர் அளவுதான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் இத்தனை வருஷமாக எங்கள் துறையில் யாரும் அதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது உங்கள் வகுப்பை நினைத்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கைகளை நூறு முறை படபடவென்று அடிக்கச் சொல்கிறார்களா? அது ‘ஹண்ட்ரட்’. ஐந்து எண்ணி மூச்சை இழுத்து, ஐந்து எண்ணி விடுவது, பத்துச் சுற்று. படுத்த நிலையிலிருந்து முதுகை ஒவ்வொரு எலும்பாகச் சுருட்டி எழுந்து உட்காரச் சொல்கிறார்களா? அது ‘ரோல் அப்’. முழங்காலைக் கட்டிக்கொண்டு பந்து மாதிரி முன்னும் பின்னும் உருள்வதும் உண்டு. தரைவிரிப்பில் செய்கிற பிலாட்டீஸ் மேட் வரிசையின் தொடக்கத்திலேயே வருகிற இவை மூன்றும் உங்களுக்கு வேண்டாம். நாளைக்கே டீச்சரிடம் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். விவரம் தெரிந்தவர் என்றால் உடனே மாற்றிக் கொடுப்பார்: தலையைக் கீழே வைத்தபடி கை அசைப்பது, இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், குப்புறப் படுத்து நெஞ்சை லேசாகத் தூக்குவது, பக்கவாட்டில் படுத்துக் கால் தூக்குவது. “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்கிறவர் என்றால் வகுப்பை மாற்றுங்கள்.

சரி, வெயிட்? ஆஸ்திரேலியாவில் கோல்ட் கோஸ்டில் உள்ள கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2018-இல் வெளியானது. லிஃப்ட்மோர் என்று பெயர். சராசரி வயது 65. ஒரு பிரிவினருக்கு வாரம் இரண்டு நாள், நாளுக்கு அரை மணி, எட்டு மாதம். டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் தள்ளும் பிரஸ், கூடவே குதித்து இறங்குகிற ஒரு பயிற்சி. சுமை, அவரவர் ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய உச்ச எடையில் 85 சதவீதத்துக்கும் மேல். சுற்றுக்கு ஐந்து முறையாக ஐந்து சுற்று. அதாவது விளையாட்டு வெயிட் இல்லை, நிஜமான வெயிட். இடுப்புப்பகுதி முதுகெலும்பின் அடர்த்தி அவர்களுக்குச் சராசரியாக 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த இன்னொரு பிரிவினருக்கு 1.2 சதவீதம் குறைந்தது. எலும்பு நொறுங்கவில்லை; ஒருவருக்கு லேசான முதுகுப் பிடிப்பு வந்ததுதான் மொத்தச் சேதம்.

உங்கள் கேள்விக்கு நேராக விடை சொல்வது அதே குழு பின்னால் செய்த இன்னோர் ஆய்வு. ஒரு பக்கம் இந்தக் கனமான வெயிட், இன்னொரு பக்கம் பிலாட்டீஸை ஒட்டிய லேசான பயிற்சி, மறுபடி எட்டு மாதம். வெயிட் தூக்கியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி கூடியது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது. தன்மேல் சுமை ஏறி, தான் லேசாக வளைந்து கொடுக்கும்போதுதான் எலும்பு தன்னைக் கெட்டியாக்கிக்கொள்கிறது. மெத்தைமேல் படுத்துக்கொண்டு அதற்கு அந்தச் செய்தியை அனுப்புவது கஷ்டம்.

அதற்காக நாளைக்கே பாரைத் தூக்கிவிடாதீர்கள்! அந்தப் பெண்கள் எல்லாரும் பக்கத்தில் ஆள் நின்று பார்க்க, முதல் மாதம் அசைவை மட்டும் பழகினார்கள். உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஆஸ்டியோபோரோசிஸ் தெரிந்த பிசியோவையோ பயிற்சியாளரையோ தேடுங்கள். என்னிடம் வருகிற உங்கள் வயதுக்காரர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஓர் ஒட்டடைக் கம்பு. அதை முதுகோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும்; பின்தலை, நடுமுதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பைத் தொட வேண்டும். மூன்றும் விலகாமல், முட்டியை லேசாகத் தளர்த்தி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். நாற்பது வருஷமாக முதுகை வளைத்தே குனிந்து பழகியவர்களுக்கு முதல் நாள் இது வரவே வராது. கம்பு தலையை விட்டு நகர்ந்துவிடும். வந்தபிறகு கம்பை எடுத்துவிட்டு ஐந்து கிலோ. அப்புறம் பத்து.

“பத்துக் கிலோவா, வேண்டாங்க மேடம்” என்று போன மாதம் ஒரு அம்மா கையை எடுத்துவிட்டார். வீட்டில் இருபது லிட்டர் தண்ணீர் கேனை யார் தூக்கி வைப்பது என்று கேட்டேன். அவர்தானாம். நிறைந்த கேஸ் சிலிண்டரைச் சமையலறைக்கு நகர்த்துவதும் அவர்தான். அது முப்பது கிலோவுக்குப் பக்கம். ஏற்கெனவே தூக்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், அம்மா. எப்படித் தூக்குவது என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

பிலாட்டீஸை விட வேண்டாம். வயதானவர்களுக்கு அது சமநிலைக்கு உதவுகிறது. விழாமல் இருப்பது எலும்பு அடர்த்திக்குச் சற்றும் குறைந்ததல்ல. பிடித்தும் இருக்கிறது என்கிறீர்கள். முன்பக்கம் சுருள்வதை எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

*கேள்வி: கீழ்முதுகில் எல்4–எல்5 எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிரச்சினை என்று இரண்டு வருஷம் முன்பு சொன்னார்கள். இப்போது வலி எப்போதாவதுதான். “கோர் (வயிறு, முதுகுத் தசைகள்) வீக். ஆயுசுக்கும் வெயிட் தூக்கக் கூடாது, பிலாட்டீஸ் மட்டும்தான்” என்கிறார் ஒரு பயிற்சியாளர். அப்படியா? – வாசகர், சேலம்*

“ஆயுசுக்கும்” என்று ஆரம்பிக்கிற எந்த அறிவுரைக்கும் இரண்டாவது ஆளிடம் கருத்துக் கேளுங்கள்.

முதுகுவலிக்குப் பிலாட்டீஸ் உதவுகிறது, உண்மை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் அமைப்பு 2015-இல் பத்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட வலி குறைகிறது. ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட அது மேல் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. நடை, நீச்சல், வெயிட், பிலாட்டீஸ் – எதை நீங்கள் விடாமல் செய்வீர்களோ அது. வலி அடங்கியவர்களுக்கு மெதுவாகச் சுமை ஏற்றி டெட்லிஃப்ட் பழக்குவது எங்கள் சிகிச்சையிலேயே ஒரு பகுதி. பலரும் பயப்படுவது வெயிட்டைக்கூட அல்ல, குனிவதை. அந்தப் பயம் போனாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

காலில் பலம் குறைவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது – இதில் ஒன்று வந்தாலும் பயிற்சி, வகுப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

*கேள்வி: பிலாட்டீஸ் வயிற்றுக்குத்தானே வேலை கொடுக்கிறது? தொப்பை குறையுமா? – வாசகி, நாகர்கோவில்*

குறையாது. வயிற்றுத் தசை பலப்படும். அதற்குமேல் இருக்கிற கொழுப்பு எங்கிருந்து கரைவது என்பதை உங்கள் உடம்புதான் முடிவு செய்யும். அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் பிலாட்டீஸ் செய்தால் சுமார் 180 கலோரி செலவாகும். சாதாரண நடைக்கும் அதுதான் கணக்கு. வெயிட்டிலும் தொப்பை தனியாகக் குறையாது, ஆனால் சாப்பாட்டைக் குறைக்கும்போது தசை கரையாமல் காப்பாற்றும். தொப்பைக்குத் தட்டைப் பாருங்கள்.

*கேள்வி: ரிஃபார்மர் வகுப்பு ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். தரையில் மேட் விரித்துச் செய்வதைவிட அவ்வளவு உசத்தியா? வெயிட்டும் பிலாட்டீஸும் ஒரே நாளில் செய்தால் எது முதலில்? – வாசகி, பெங்களூரு*

உசத்தி இல்லை. மேட் பிலாட்டீஸில் தாங்குவதற்கு ஸ்பிரிங் கிடையாது, உங்கள் உடம்பை நீங்களேதான் தூக்க வேண்டும். பல அசைவுகளுக்கு ரிஃபார்மரைவிட அதுதான் சிரமம். காசு மிச்சம் என்றால் போங்கள், ஜாலியாகத்தான் இருக்கும். கையைக் கடிக்கிறது என்றால் ஒரு மேட்டும், எடை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு ஜோடி டம்பெல்லும் வாங்கிப் போடுங்கள். சில வகுப்புக் காசில் முடிந்துவிடும். வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு அது போதும்.

முதலில் வெயிட். ஏற்கெனவே களைத்த வயிற்றோடும் முதுகோடும் கனமானதைத் தூக்காதீர்கள். பிலாட்டீஸ் அப்புறம், அதுவும் நேரம் இருந்தால்.